கூந்தல் இறைத்த கிணறு

திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கும் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் துணி கொடுக்க மட்டும் வருவதில்லை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கக் கையைத் தூக்கி நின்றதும் வாயும் தானாகத் திறந்துகொள்ளும். இடுப்பளவு எடுப்பதற்குள் மாமியார் வந்துவிடுவார். கழுத்தளவுக்கு வரும்போது நாத்தனார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் இந்த வாய்களிலிருந்துதான்.

ஒரு மத்தியானம் ஒரு பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிறுமிக்கு ஏழெட்டு வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"போன்ல என்னத்தையோ பேய்ப்படம் பாத்துட்டாக்கா. அன்னையிலருந்து பாத்ரூமுக்குக்கூட நான் போயி வாசல்ல நிக்கணும். நின்னா மட்டும் பத்தாது, நான் அங்கதான் இருக்கேன்னு தெரியப் பாட்டுப் பாடணும்."

"என்ன பாட்டுப் பாடுற?"

"எனக்கு எங்க பாட்டு வருது? வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு நிக்கிறேன்."

கடை முழுக்கச் சிரிப்பு. சிறுமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளைச் சமாதானப்படுத்துகிற சாக்கில் ஆளாளுக்குத் தங்கள் பழைய பயத்தை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தார்கள். கொக்கி தைக்கும் பெண், சின்ன வயதில் பொம்மை கண் சிமிட்டுகிற படம் ஒன்றைப் பார்த்தாளாம். வீட்டிலிருந்த பொம்மையைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். மறுநாள் உலை வைக்க அரிசி அளந்த அம்மாவின் கையில் பொம்மையின் கால் தட்டுப்பட, அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டதாம். துணி கொடுக்க வந்த இன்னொரு பெண் இன்றைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டாளாம். ஏதோ ஒரு படத்தில் ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வந்ததாம்.

"ஈரக்குலை ஆடிப் போச்சுக்கா" என்றாள் அவள். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். பயம் நெஞ்சில் இருக்கிறது என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் அது குடியிருக்கும் இடத்தைச் சரியாகக் கைவைத்துக் காட்டிவிடுவார்கள்.

"உங்களுக்கு எந்தப் படம்க்கா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"நான் பாக்காத படம்" என்றேன். "பாத்தவ அந்தா உக்காந்திருக்கா. அவகிட்டக் கேளுங்க."

மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் என் சித்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கடைசித் தங்கை. ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கண் ஆபரேஷனுக்காக என் வீட்டுக்கு வந்திருந்தாள். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. கருவிழியில் ஒரு சொட்டுப் பால் விட்ட மாதிரி இருக்கும். இடது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. இதற்கு மேலும் தள்ளிப்போட்டால் ஆபரேஷனே சிக்கலாகிவிடும், பிறகு பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் எங்களிடம் பட்டென்று சொல்லிவிட்டார். வருகிற புதன்கிழமைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

சித்திதான் பிடி கொடுக்கவில்லை. முதலில் தவக்காலம் முடியட்டும் என்றாள். தவக்காலம் முடிந்ததும், ஈஸ்டருக்கு வீட்டுக்கு ஆள் வருவார்களே என்றாள். அப்புறம் மாதா குகைக் கோயிலில் கெபித் திருவிழா. ஒருமுறை ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் வந்துவிட்டு, காலையில் தவறிப்போய் காப்பி குடித்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டாள். அவள் காப்பியே குடிக்க மாட்டாள்.

"பேய்ப்படத்துக்கே ஒத்தையில போனவ நீ. ஊசிக்கா பயப்படுற?" என்று நான் கேட்டேன். எப்போதும் கேட்பதுதான்.

"ஊசிக்கெல்லாம் பயம் இல்லடி" என்றாள் சித்தி. அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராது. அன்றைக்கும் வரவில்லை.

அந்தப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் மல்லிகைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். குண்டுமல்லியை வெயில் ஏறுமுன் மொட்டாகவே எடுத்துவிட வேண்டும். அதனால் விடிவதற்கு முன்னாலேயே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு பெண்கள் செடி வரிசையில் நிரைக்கு ஒருவராக இறங்குவார்கள். பிள்ளைகள் நாங்களும் பள்ளிக்கூட நேரம்வரைக்கும் எடுப்போம். மொட்டுக்கு அந்நேரம் பெரிதாக மணம் இருக்காது. முந்தின நாள் கைக்குத் தப்பின மொட்டு செடியிலேயே விரிந்து கிடக்கும். தோட்டத்தில் மணப்பது அதுதான். அதைத் தப்பின பூ என்போம். விலைக்கு ஆகாது, தலையில் வைத்துக்கொள்ளலாம்.

எடுத்த பூவைக் கூடையில் கட்டி, டவுன் பஸ்ஸில் ஏற்றி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது சித்தியின் வேலை. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பூவைப் போட்டுவிட்டுக் காலைக்காட்சி பார்த்துவிட்டு வருவாள். எங்கள் வீட்டில் அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அவள் தனக்காகப் படம் பார்க்கவில்லை, மொத்தத் தோட்டத்துக்காகவும் பார்த்தாள். மறுநாள் விடியலில் அவள் பூ எடுக்க வேண்டியதில்லை. வரப்பில் நடந்துகொண்டே படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அவள் நிரையை மற்றவர்கள் பங்கு போட்டு எடுத்துவிடுவார்கள். "போயிட்டு வாடி, ஒன் நெறைய நாங்க எடுக்குறோம்" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றுவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போனவள் வெறுங்கையோடு திரும்ப முடியாது.

பேய்ப்படம் வந்தபோது, எப்போதாவது அவளோடு தொற்றிக்கொண்டு போகிறவர்கள்கூட ஒதுங்கிக்கொண்டார்கள். அடுத்த நிரைக்காரியான இரட்டை மூக்குத்தி அக்கா, சித்திக்கு உயிர்க் கூட்டாளி, வாயாடி, அவளே, "எனக்குச் சளி" என்று சொல்லிவிட்டாள். சித்தி மட்டும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கூடையோடு பஸ் ஏறினாள்.

மறுநாள் விடியலில் அவள் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. மூடுபனியில் டார்ச் வெளிச்சங்கள் செடி செடியாக நகர்ந்துகொண்டிருந்தன. எல்லோருடைய கையும் மொட்டைத் தேடிக்கொண்டிருந்தது, காது மட்டும் வரப்பில் இருந்தது.

"ஒரு பெரிய பங்களா. ஆளு அரவம் இல்ல. எல்லாரும் படுத்துட்டாக. அப்பக் கேக்குது பாரு, கிரீச்… கிரீச்… கிரீச்… என்னன்னு பாத்தா, பின்னாடி கெணறு. கப்பி சுத்துது. வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு ஒருத்தி தண்ணி இறைக்கிறா. முதுகுதான் தெரியுது. இழுக்கா, இழுக்கா. வாளி மேல வருது. வாளியில தண்ணியக் காணோம்."

"பின்ன என்னடி இருக்கு?" இரட்டை மூக்குத்தி அக்காவின் குரல்.

"முடி. பொம்பளை முடி. ஈரமா, நீட்டமா. இழுக்க இழுக்க வருது. கெணத்தைச் சுத்திக் குமியுது. வாசப்படி வரைக்கும் வருது. அவ நிறுத்தவே மாட்டேங்கா. திரும்பிப் பாத்து சிரிக்கா. எப்புடிச் சிரிக்கா தெரியுமா? வாயைத் தொறக்காமயே சிரிக்கா."

யாரோ ஒருத்தி "சேசு மரி சூசை" என்று முனகினாள். சித்தி குரலை இன்னும் தணித்தாள்.

"அவ வர்றது எப்புடித் தெரியும்னா, பூ மணக்காது. அவ பக்கத்துல வந்துட்டா, தலையில வச்ச மல்லியப்பூ சட்டுன்னு மணக்காமப் போயிரும்."

சினிமாப் படத்தில் பூ மணக்காமல் போனதை எப்படிப் பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றுவதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கிணற்றடிக்குத் தனியே போகவில்லை. வீட்டுக்கு வீடு குடம் காலியாகக் கிடந்தது. சத்தம்தானே பயம் என்று என் அப்பா கப்பிக்கு எண்ணெய் விட்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. சத்தம் வந்தால் அவள் இறைக்கிறாள் என்றாவது தெரியும், சத்தமே இல்லையென்றால் எப்படித் தெரிந்துகொள்வது? நான் அப்படிக் கேட்டு அழுததும் அப்பா, "இதென்னடா வம்பு" என்று எண்ணெயைத் துணியால் துடைத்து எடுத்தார். சீப்பில் சிக்கிய முடியைக் கண்டாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். அம்மா தலை பின்னும்போது கண்ணை மூடிக்கொண்டு மாதாவை வேண்டி அருள் நிறைந்த மந்திரம் சொல்வேன்.

தோட்டத்தில் எங்களுக்கு ஒரு காவல் இருந்தது. இறங்கியதும் முதல் வேலையாக ஒரு தப்பின பூவைத் தேடிப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். நிரையில் நாலு செடி நகர்ந்ததும் எடுத்து மோந்து பார்ப்போம். மணந்தால் சரி, அவள் பக்கத்தில் இல்லை. மறுபடி நாலு செடி. மறுபடி மோப்பம். விடியாத தோட்டத்தில் பிள்ளைகள் வரிசையாக மூக்கில் பூவை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுப் பெரியவர்கள், "இதுகளுக்குப் பூப்பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றார்கள்.

மார்கழிப் பனியில் ஒருநாள் நான் பூவை எடுத்து மோந்தேன். மணக்கவில்லை. திரும்பவும் மோந்தேன். ஒன்றுமே இல்லை, வெறும் குளிர்ந்த காற்று. எனக்குப் பின்னால் ஒரு செடி அசைந்தது. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் யாரோ கிணற்றில் வாளியை இறக்கினார்கள். நான் அலறிய அலறலில் கூடைகள் கவிழ்ந்தன. ஓடி வந்த இரட்டை மூக்குத்தி அக்கா என் முகத்தை டார்ச்சில் பார்த்துவிட்டு, முந்தானையை என் மூக்கில் வைத்து, "சிந்துடி" என்றாள். சிந்தினேன். "இப்ப மோந்து பாரு." மணந்தது. "சளி பிடிச்ச கழுதை" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஆனால் அவளும் யாருக்கும் தெரியாமல் தன் கொண்டைப் பூவை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

இதையெல்லாம் கடையில் சொல்லி முடித்தபோது எல்லோரும் சித்தியைத்தான் பார்த்தார்கள். அவள் மங்கின கண்ணோடு சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொக்கி தைக்கும் பெண், "அந்தப் படம் இப்பவும் போன்ல கிடைக்கும்க்கா" என்றாள். சித்திக்குப் படத்தின் பெயர் ஞாபகம் இருந்தது. கொக்கிப் பெண் அதைக் கேட்டுப் போனில் தட்டினாள், நிஜமாகவே வந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனைத் தையல் மெஷினில் சாய்த்து வைத்து, நானும் சித்தியும் மட்டும் உட்கார்ந்தோம். அந்த வயதுக்குப் பிறகு எனக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தும் விட்டார்கள். இருந்தாலும் நாற்காலியைச் சித்தியின் பக்கம் நகர்த்திக்கொண்டேன். வெளியே ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்த சத்தம் ஆறுதலாக இருந்தது.

படம் ஓடியது. ஒரு பங்களா. கொசு மருந்து அடிக்கிற வண்டி இப்போதுதான் போனது போல எங்கும் புகை. ஒருவர் கதவைத் திறக்கிறார், பூனை குறுக்கே ஓடுகிறது, இசை தடதடவென்று விழுகிறது. எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சித்தி போனைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து இடது காதை அதன் பக்கம் கொடுத்திருந்தாள். கண் தெரியாததால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்பப் பாரு" என்று என் முழங்கையைப் பிடித்தாள். "கப்பி சுத்தும்."

கிரீச்… கிரீச்… கிரீச்.

அதே சத்தம். வரப்பில் அவள் வாயால் கேட்ட அதே இழுப்பு.  ஆனால் திரையில் கிணறு இல்லை. குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று நீளமான தாழ்வாரத்தில் தானாக உருண்டுவந்தது. அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ நூல் கட்டி இழுப்பதுகூடத் தெரிந்தது.

"இழுக்கா பாரு, இழுக்க இழுக்க வருது" என்றாள் சித்தி. திரையில் ஒரு குண்டு மனிதர் கையில் அரிக்கேன் விளக்கோடு மூச்சு வாங்க மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

"இந்தா சிரிக்கப் போறா. வாயைத் தொறக்காமயே." திரையில் பேய் வந்தது. வாய் காதுவரைக்கும் திறந்திருந்தது. உள்ளே கடையில் வாங்கிய பல்செட்டு.

நான் திரும்பிச் சித்தியைப் பார்த்தேன். அவள் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருந்தாள். இமைகள் சுருங்கி நடுங்கின. என் முழங்கையில் அவள் விரல்கள் பதிந்திருந்தன.

போனை நிறுத்தினேன்.

"சித்தி, இந்தப் படத்துல கெணறே இல்ல."

"இல்லையா?"

"மூணு சக்கர சைக்கிள் சித்தி. சின்னப் பிள்ளைக ஓட்டுமே, அது. தானா உருண்டு வருது."

சித்தி கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது ஏமாற்றம்.

"சைக்கிளுக்கா அம்புட்டுச் சத்தம்?" என்றாள். "எண்ணெய் போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது. அடங்கின பிறகு அவளே சொன்னாள்.

"பேரு போட்டு முடிச்சான். ஒருத்தி வீல்னு கத்துனா. அம்புட்டுத்தான், முந்தானைய மூஞ்சில போட்டு இறுக்கி மூடினவதான். எந்திரிச்சு வந்துரலாம்னுதான் பாத்தேன். ஒன் நெறைய எடுக்குறோம்னு சொல்லி அனுப்பிருக்காளுகளே. விடிஞ்சா வரப்புல நிக்கணுமே. என்னத்தைச் சொல்றது? அதான் காதை மட்டும் வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். கிரீச்சுன்னு கேட்டுச்சு. நமக்குத் தெரிஞ்ச கிரீச்சு கெணத்தடிதானே."

"முடி?"

"சரசரன்னு என்னமோ இழுபடுற சத்தம். எனக்கு அது முடியாத்தான் பட்டுச்சு."

"பூ மணக்காதுன்னியே, அது எந்தச் சத்தம்?"

சித்தியின் கை கொண்டைக்குப் போனது. "அது சத்தம் இல்லடி. அன்னைக்குத் தலை நெறையப் பூ வச்சிருந்தேன். உக்காந்தப்ப கமகமன்னு மணந்துச்சு. அவ சிரிக்கையில மணமே இல்ல. மூச்சை இழுத்தாத்தானே மணக்கும்? மூச்சு இழுக்கவே மறந்துட்டேன் போல."

 ஒரு மட்டமான படத்தை இருட்டில் கண்ணை மூடிக் கேட்டு, அதிலிருந்து எங்கள் எல்லோருடைய குழந்தைப் பருவத்துக்கும் போதுமான அளவு இருட்டை ஒருத்தி நூற்றெடுத்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிணற்றைச் சுற்றிக் குவிந்த அந்த ஈரமுடி, நான் எத்தனையோ கனவில் மிதித்து நடந்த முடி, அவ்வளவும் இவளுடைய மூடிய இமைக்குள்ளிருந்து வந்தது.

"சிரிக்காதடி" என்றாள். "இப்பத் தெரியுதா? கண்ண மூட முடியாத எடத்துக்கு என்னையப் போகச் சொல்ற நீ."

"எந்த எடம்?"

"ஆபரேஷன்ல மயக்க மருந்து கெடையாதாம். மரத்துப்போக மருந்து மட்டும் விடுவாகளாம். முழிச்சுக்கிட்டே கெடக்கணும். இமையை விரிச்சு கிளிப்பு போட்டுருவாக, மூடவே முடியாதுன்னு ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸுப் பிள்ளை சொன்னா. நல்லதுக்குத்தான் சொன்னா பாவம். எதுனாலும் நான் கண்ண மூடித்தான் தாண்டியிருக்கேன். பிள்ளை பெத்தது, ஒன் சித்தப்பாவைக் கல்லறைக்கு எடுத்துக்கிட்டுப் போனது, எல்லாம். அங்க மூட முடியாதாம்ல. என்னத்தைக் காட்டுவாகளோ."

காப்பி, தவக்காலம், கெபித் திருவிழா எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது இதுதான். வலிக்காது, பக்கத்தில் நான் இருப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே என்னை விட மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் துணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். ஊருக்குப் போகிறாளாம்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரட்டை மூக்குத்தி அக்காவுக்குப் போன் போட்டேன். சினிமாக் கொட்டகையில் நடந்ததைச் சொல்லவில்லை, அது சித்தியின் சொத்து. ஆபரேஷனுக்கு மாட்டேன் என்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அக்கா, "அவகிட்டக் குடு" என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏடி, ஊருக்கு வாறியாமே?"

"ஆமா, வாரேன்."

"வராத. எனக்கும் இடது கண்ணு மங்கிட்டு வருது. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இன்னைக்கோ நாளைக்கோ எனக்கும் இதே கதிதான். உள்ள என்ன தெரியும், எப்புடி இருக்கும்னு பண்ணுனவளுககிட்ட எல்லாம் கேட்டுட்டேன். 'ஒண்ணுமே தெரியல'ங்கிறா ஒருத்தி. 'லைட்டாத் தெரிஞ்சுச்சு'ங்கிறா இன்னொருத்தி. இதெல்லாம் ஒரு கதையா? ஒனக்குத்தான் சொல்லத் தெரியும். நீ மொதல்ல போயிப் பாத்துட்டு வந்து சொல்லு. அப்புறம் நான் போறேன்."

சித்தி பையின் ஜிப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"போயிட்டு வாடி" என்றது போன். "ஒன் நெறைய நான் எடுக்குறேன்."

 அந்தப் பக்கம் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ எடுப்ப" என்றாள் சித்தி கடைசியில். "காம்போட சேத்துக் கிள்ளுவ. பாதி மொட்டைத் தப்ப விடுவ."

"வந்து திட்டு" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை சித்தி, சித்தப்பா போன பிறகும் விடாத வழக்கப்படி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டிவிட்ட நர்ஸ் பூவை எடுக்கச் சொன்னாள். சித்தி அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். அந்த வண்டியின் சக்கரம் ஒன்று, கிரீச்… கிரீச்… என்று போயிற்று.

பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். மூடியதுமே கிணறு வந்துவிட்டது. மூடுபனி, டார்ச் வெளிச்சம், வெள்ளைச் சீலை, இழுக்க இழுக்க வருகிற முடி. சித்தி உள்ளே கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள், நான் இங்கே மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டேன். எதிர்ச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதையே பார்த்தேன். நடுநடுவே கையிலிருந்த பூவை மோந்து பார்த்தேன். மணந்துகொண்டுதான் இருந்தது.

கண்ணில் கட்டோடு வந்தவளிடம், "என்ன பாத்த சித்தி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒன்கிட்டத் தனியாச் சொல்ல முடியாது" என்றாள். "தோட்டத்துல சொல்றேன்."

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அவள் முதலில் பார்த்தது என்னை. "என்னடி, தலை இம்புட்டு நரைச்சுப் போச்சு? எப்பருந்து?" என்றாள்.

தூசி படக்கூடாது என்று டாக்டர் சொன்ன கெடு முடிந்த பிறகுதான் ஊருக்குக் கூட்டிப்போனேன். விடியப் போகிற நேரம். சித்தி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றாள். அவள் நிரையில் இரட்டை மூக்குத்தி அக்கா இறங்கியிருந்தாள். அக்கம்பக்கத்து நிரைகளில் டார்ச்சுகள் மெல்ல நெருங்கி வந்தன. ஒரு கணம் எனக்கு என்ன வயது என்றே புரியவில்லை.

"கெணறு" என்று ஆரம்பித்தாள் சித்தி. "ஆனா நான் மேல இல்ல. அடியில கெடக்கேன். தண்ணிக்குள்ள மல்லாந்து கெடக்கேன். மேல பாத்தா வெளிச்சம். ஒண்ணா, ரெண்டா, நிலா மாதிரி மெதக்குது. அதுல தண்ணிய ஊத்துறாக. ஊத்த ஊத்த வெளிச்சம் கலையுது. ஊதாவா வருது, ரோஸா வருது, மாதா கோயில் கண்ணாடியில வெயில் அடிச்ச மாதிரி. எங்கிட்டோ ஒரு சத்தம், டிங்கு டிங்குன்னு பாட்டு மாதிரி. மேல ஒருத்தி குனிஞ்சு நிக்கா. இறைக்கிறா. இழுக்க இழுக்க நான் மேல வாரேன்."

"மூஞ்சி தெரிஞ்சுச்சா?" அக்காவின் கை மொட்டில் அப்படியே நின்றிருந்தது.

"துணி கட்டிருந்தா. கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. 'பாட்டியம்மா, முடிஞ்சு போச்சு'ன்னா. சிரிச்சா. வாயைத் தொறக்காமயே சிரிச்சா."

 பிறகு இரட்டை மூக்குத்தி அக்கா மெதுவாகக் கேட்டாள். "பயமா இருந்துச்சாடி?"

"இருந்துச்சு" என்றாள் சித்தி. "மூட விட மாட்டேனுட்டாக. பின்ன என்ன பண்றது, பாத்தேன்."

அக்கா குனிந்து நாலைந்து மொட்டுகளைக் கிள்ளினாள். "என் பேத்திகிட்டச் சொல்லி எனக்கும் ஒரு தேதி வாங்கச் சொல்லணும்" என்றாள், செடியிடம் சொல்வதுபோல. "நீ என் நெறைக்கு வந்துருவேல்ல?"

"ஒன் நெறைக்கா? மொதல்ல என் நெறையப் பாரு." கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. சித்தி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செடிக்குள் கையை விட்டு, இலைக்கு அடியில் முழுசாக விரிந்து கிடந்த ஒரு தப்பின பூவைப் பறித்தாள். "இந்தா, நேத்து தப்ப விட்டிருக்கா. இந்தா இன்னொண்ணு. எனக்கே தெரியுது, ஒனக்குத் தெரியலையாடி?"

அக்கா திட்டத் தொடங்கினாள். சித்தி அதைக் காதில் வாங்காமல், அந்தப் பூவை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மணக்குதா பாரு" என்றாள்.

மூச்சை நன்றாக இழுத்து மோந்தேன்.